லயன்ஸ்: ஆறு பெயர், மூன்று முதலாளி – எது எப்போது மாறியது?

பதிவு 1 | ஒன்பதாவது இன்னிங்ஸ்

ஜப்பான் பேஸ்பாலில் பசிபிக் லீக் அணிகளுக்கு ஒரு வம்சாவளிப் பட்டியல் போடுகிறேன். ஒரு பத்தியில் பெயர், பக்கத்துப் பத்தியில் உரிமையாளர். லயன்ஸ் வரிசை மட்டும் நேராக வரவில்லை.

பெயர்கள் இவை: நிஷிடெட்சு கிளிப்பர்ஸ் 1950, நிஷிடெட்சு லயன்ஸ் 1951–72, தைஹேயோ கிளப் லயன்ஸ் 1973–76, கிரவுன் லைட்டர் லயன்ஸ் 1977–78, செய்பு லயன்ஸ் 1979–2007, சைதாமா செய்பு லயன்ஸ் 2008 முதல்.

பல பட்டியல்களில் பெயர் மாறிய இடத்திலெல்லாம் முதலாளியும் மாறியதாகப் போட்டிருக்கிறார்கள். தைஹேயோ கிளப் 1976 முடிவில் அணியைக் கிரவுனுக்கு விற்றதா? 1937இல் 'லயன்' என்று ஒரு அணி இருந்ததே, அதை இந்த வரிசையின் தலையில் வைக்கலாமா?

பதிவு 2 | பழைய ஸ்கோர்கார்டு

விற்கவில்லை. விற்பதற்குத் தைஹேயோ கையில் எதுவும் இல்லை. தைஹேயோ கிளப் ஒரு கோல்ஃப் மைதான நிறுவனம். கிரவுன் சிகரெட் லைட்டர் செய்த கம்பெனி. இரண்டுமே சட்டையில் தம் பெயர் வருவதற்காகப் பணம் கட்டிய விளம்பரதாரர்கள். 1973 முதல் 1978 வரை ஆறு சீசனும் அணி ஒரே கையில்தான் இருந்தது. அந்தக் கைக்குப் பெயர் ஃபுகுவோகா யாக்யூ, அதாவது 'ஃபுகுவோகா பேஸ்பால்' என்ற கம்பெனி. அதை நடத்தியவர் நாகாமுரா நாகாயோஷி. ஆகவே உரிமையாளர் பத்தியில் மூன்றே வரி: நிஷிடெட்சு ரயில் கம்பெனி 1972 வரை, ஃபுகுவோகா யாக்யூ 1978 வரை, அதன்பின் செய்பு குழுமம்.

நாகாமுராவைப் பற்றி ஒரு எச்சரிக்கை. இங்கே வருவதற்கு முன் அவர் லோட்டே ஓரியன்ஸின் 'ஓனர்'. ஜப்பானில் 'ஓனர்' என்பது ஒரு பதவி. கம்பெனி தன் சார்பில் லீக்கில் உட்கார வைக்கும் ஆளை அப்படி அழைப்பார்கள், பங்குகள் அவர் பெயரில் இருக்க வேண்டும் என்பதில்லை. லோட்டேயில் அவர் வகித்தது அந்தப் பதவி. லயன்ஸில் நிலைமை வேறு, அங்கே கம்பெனியே அவருடையது. இரண்டையும் ஒன்றாக எண்ணி, லோட்டே நிறுவனம் லயன்ஸை வாங்கியது என்று எழுதியவர்கள் உண்டு.

1951ஐ வெறும் பெயர் மாற்றம் என்று போடாதீர்கள், அது ஒரு இணைப்பு. 1950இல் லீக் இரண்டாகப் பிரிந்தபோது ஃபுகுவோகாவில் இரண்டு அணிகள் முளைத்தன. பசிபிக் லீக்கில் ரயில் கம்பெனியின் கிளிப்பர்ஸ், சென்ட்ரல் லீக்கில் நிஷி நிப்பான் பத்திரிகையின் பைரேட்ஸ். ஒரே ஊர், ஒரே கூட்டம், இரண்டு டிக்கெட் கவுன்ட்டர். ஒரு வருஷம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. 1951 தொடக்கத்தில் பைரேட்ஸை நிஷிடெட்சு சேர்த்துக்கொண்டு லயன்ஸ் ஆனது. சென்ட்ரல் லீக் எட்டு அணிகளிலிருந்து ஏழாகக் குறைந்ததற்குக் காரணம் இதுதான்.

1937 லயன் அணிக்கும் இதற்கும் ஒரு இழைகூடத் தொடர்பில்லை. அது 'டாய் டோக்கியோ' என்ற அணி, லயன் பற்பசைக் கம்பெனியிடம் பணம் வாங்கிக்கொண்டு 1937 முதல் 1940 வரை அந்தப் பெயரில் ஆடியது. 1941இல் அசாஹி ஆகிவிட்டது. 1943இல் ஒரே வருஷம் ஆடிய 'நிஷிடெட்சு' என்ற அணியும் உண்டு. அதன் முதலாளி இதே ரயில் கம்பெனிதான், ஆனால் அந்த அணி அதோடு கலைந்தது. 1950 அணி புதிதாகத் தொடங்கப்பட்டது. இரண்டையும் ஒரே கோட்டில் இணைத்தால் பட்டியல் தப்பு.

பதிவு 3 | வரவு செலவு

விளம்பரதாரருக்கும் முதலாளிக்கும் உள்ள வித்தியாசம் பெயரில் தெரியாது, நஷ்டம் யார் கணக்கில் விழுகிறது என்பதில்தான் தெரியும்.

ஜப்பானில் கம்பெனிப் பெயர் அணியின் தலையில் இருப்பதற்கு 1954இல் தேசிய வரித்துறை வெளியிட்ட ஒரு சுற்றறிக்கை பெரிய காரணம். பேஸ்பால் அணியின் பற்றாக்குறையை நிரப்பத் தாய்க் கம்பெனி கொடுக்கும் பணத்தை, அந்தப் பற்றாக்குறைத் தொகை வரைக்கும், விளம்பரச் செலவுபோல் கழித்துக்கொள்ளலாம் என்றது அது. ரயில் கம்பெனியின் கணக்கில் பாருங்கள்: அணி கையைக் கடிக்கிறது, கடித்த அளவுக்குக் கம்பெனி பணம் போடுகிறது, போட்ட பணம் செலவாகக் கழிகிறது. சட்டையில் கம்பெனிப் பெயர் இருப்பதால் அது விளம்பரம் என்று சொல்ல முடிகிறது. ஹான்க்யூ, நான்காய், கின்டெட்சு, ஹான்ஷின், நிஷிடெட்சு என்று ரயில் கம்பெனிகள் பல காலம் அணிகளைத் தாங்கி நின்றது இந்த ஏற்பாட்டில்தான்.

ஃபுகுவோகா யாக்யூவுக்கு இந்த வசதி இல்லை. அதற்குத் தாய்க் கம்பெனியே கிடையாது. விளம்பரதாரர் ஒப்பந்தத் தொகையைக் கொடுப்பார், அத்தோடு அவர் பொறுப்பு முடிந்தது. சம்பளம், பயணம், வசந்தகால முகாம், மைதான வாடகை, மழையால் ரத்தான ஆட்டங்கள் எல்லாம் கம்பெனியின் தலையில். வரவு கட்டிப்போட்ட தொகை, செலவு வளர்கிற தொகை. ஃபுகுவோகாவிலிருந்து டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் அலைய வேண்டிய அணிக்குப் பயணச்செலவே மற்றவர்களைவிடக் கூடுதல். 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு கோல்ஃப் மைதான வியாபாரமும் முன்போல் இல்லை.

லோட்டேயும் 1969இல் முதலில் பெயருக்குப் பணம் கொடுக்கும் நிறுவனமாகத்தான் நுழைந்தது. ஆனால் 1971இல் பழைய முதலாளி நாகாதா மசாயிச்சி விலகியதும் அணியையே எடுத்துக்கொண்டது. லயன்ஸுக்கு அப்படி உள்ளே இறங்கும் விளம்பரதாரர் அமையவில்லை. ஆறு வருஷத் தள்ளாட்டத்துக்கு வேர் இங்கே இருக்கிறது.

பதிவு 4 | புல்பென்

கணக்கு சரிங்க. ஆனா அந்த ஆறு வருஷத்தை வெறும் நஷ்டம்னு தள்ளிட்டுப் போகாதீங்க. கையில காசு இல்லாதவங்க கூட்டத்தை இழுக்க எவ்வளவு பாடுபட்டாங்கன்னு பாக்கணும். 1974ல அமெரிக்காவோட பெரிய அடிகாரர் ஃபிராங்க் ஹோவர்டைக் கூட்டிட்டு வந்தாங்க. ஒரே ஆட்டம், முழங்கால் போச்சு, அத்தோட அவர் ஜப்பான் கணக்கு முடிஞ்சுது. 1976க்கு அமெரிக்காவோட லியோ டுரோஷரை மேனேஜரா, அதாவது தலைமைப் பயிற்சியாளரா, ஒப்பந்தம் போட்டாங்க. அவர் உடம்புக்கு முடியாம வரவே இல்ல, அவருக்குப் பதிலா கிதோங்கிறவர் அணியை நடத்தினார். நல்லா ஆடின வருஷம் 1975. எட்டோ ஷினிச்சிங்கிறவர் ஆடிக்கிட்டே மேனேஜரா இருந்து மூணாவது இடம்.

பழைய படத்துல வருஷம் கண்டுபிடிக்க ஒரு வழி சொல்றேன். சட்டை முன்பக்கம் நெஞ்சு முழுக்க பெரிய நம்பர், அமெரிக்கன் ஃபுட்பால் ஜெர்சி மாதிரி, ஒயின் சிவப்பு நிறத்துல இருந்தா அது 1976. தைஹேயோ பேர்ல கடைசி வருஷம்.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு ஒத்துவரல. 1979 செய்பு லயன்ஸை அதே அணின்னு எப்படிச் சொல்றீங்க? ஊர் வேற, மைதானம் வேற, நிறம் வேற, முதலாளி வேற. 'லயன்ஸ்'ங்கிற ஒரு வார்த்தைதான் மிச்சம். 2008 வரைக்கும் செய்புவே ஃபுகுவோகா காலத்தைத் தூக்கிப் பிடிச்சதில்லையே.

பதிவு 5 | பழைய ஸ்கோர்கார்டு

புல்பென், ஃபுகுவோகாக்காரர்களின் வருத்தத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அணி ஒன்றேதானா என்பதை ஊரையும் நிறத்தையும் வைத்துத் தீர்மானிக்க முடியாது. லீக்கில் உள்ள இடம், ஆட்டக்காரர்களின் ஒப்பந்தங்கள், டிராஃப்ட் (புது ஆட்டக்காரர்களை அணிகள் தேர்ந்தெடுக்கும் ஆண்டுக் கூட்டம்) உரிமைகள், இந்த மூன்றும் யார் கைக்குப் போயின என்று பார்க்க வேண்டும்.

1978 அக்டோபரில் செய்பு குழுமத்தின் த்சுத்சுமி யோஷியாகியுடைய கொகுதோ கெய்காகு நிறுவனம் அணியை வாங்கியது, சைதாமாவின் தொகொரோசாவாவுக்கு மாற்றியது. மூன்றும் சேர்ந்தே போயின. இதற்கு எகாவா விவகாரத்தைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். 1977 டிராஃப்டில் பிட்சர் (பந்து வீசுபவர்) எகாவா சுகுருவை முதல் தேர்வாக எடுத்தது கிரவுன். அவர் வர மறுத்துவிட்டார். அவரோடு பேச்சு நடத்தும் உரிமை ஒரு வருஷம் செல்லும். நடுவில் அணி கைமாறியதும் அந்த உரிமை தானாகச் செய்புவிடம் வந்தது. அது 1978 நவம்பர் 20ஆம் தேதியோடு காலாவதி. அடுத்த டிராஃப்ட் 22ஆம் தேதி. நடுவில் அகப்பட்ட 21ஆம் தேதி, எகாவா யாருக்கும் சொந்தமில்லை என்று சொல்லி டோக்கியோவின் யொமியுரி அணி அவரோடு ஒப்பந்தம் போட்டது. ஜப்பான் பேஸ்பாலில் 'வெற்று நாள்' என்று இன்றும் பேசப்படுவது இந்த நாளைத்தான். செய்பு புதிய அணியாக இருந்திருந்தால் அந்த உரிமை கிரவுனோடு செத்திருக்கும்.

ஆள் கணக்கும் பாருங்கள். 1978இல் கிரவுனுக்கு மேனேஜர் நெமோதோ ரிகுவோ, 1979இல் செய்புவுக்கும் அவரேதான். அதையும்விட ஹிகாஷியோ ஒசாமு. 1969இல் நிஷிடெட்சுவில் இறங்கி, தைஹேயோ, கிரவுன், செய்பு என்று நான்கு சட்டை மாற்றி, 1988 வரை அணி மாறாமலே வீசிய பிட்சர். மொத்தம் 251 வெற்றி, 247 தோல்வி. 1972இல் கடைசி இடத்தில் கிடந்த நிஷிடெட்சுவுக்கு 18 வெற்றி, 25 தோல்வி. மூன்று வருஷம் கழித்து தைஹேயோவுக்கு 23 வெற்றி. 251க்குப் பக்கத்தில் 247 தோல்வி நிற்கிறதே, இந்த அணி பட்ட பாடு முழுவதும் அந்த எண்ணில் இருக்கிறது.

பட்டியலைச் சரிபார்க்க ஒரு சுருக்குவழி: லயன்ஸின் லீக் பட்டம் 23. நிஷிடெட்சு காலத்தில் 5 (1954, 56, 57, 58, 63), செய்பு காலத்தில் 18. இரண்டு லீக்கின் அணிகளும் மோதும் ஜப்பான் சீரிஸ் பட்டம் 13, அதாவது 3 கூட்டல் 10. எங்காவது 18, 10 என்று இருந்தால் அந்தப் பட்டியல் 1979இல் தொடங்குகிறது என்று அர்த்தம்.

பதிவு 6 | ஒன்பதாவது இன்னிங்ஸ்

உரிமையாளர் பத்தி தெளிவாகிவிட்டது, இருவருக்கும் நன்றி. இன்னும் இரண்டு சந்தேகம். 1972இல் நிஷிடெட்சு கைவிட்டதற்குக் காரணம் 'கறுப்பு மூடுபனி' என்ற, பணத்துக்காக ஆட்டத்தைத் தோற்கும் சூதாட்ட விவகாரம் மட்டும்தானா? ஒரிக்ஸ் பஃபலோஸ் வரிசையிலும் இதே சோதனையைப் போடலாமா? கின்டெட்சு 1950இல் பேர்ல்ஸ், 1959இல் பஃபலோ, 1962இல் பஃபலோஸ், அங்கிருந்து ஒரிக்ஸ் பஃபலோஸ் என்று நேர்கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

பதிவு 7 | பழைய ஸ்கோர்கார்டு

அந்தக் கோட்டை அழித்துவிடுங்கள். பெயர் ஏமாற்றும் இடம் அது. 2004 முடிவில் ஒரிக்ஸும் கின்டெட்சுவும் இணைந்தன, இணைந்த அணி ஒரிக்ஸின் தொடர்ச்சி. பஃபலோஸ் என்ற பெயர் மட்டும் கின்டெட்சுவிடமிருந்து வந்தது. நேர்கோடு இப்படிப் போகும்: ஹான்க்யூ 1936, ஒரிக்ஸ் பிரேவ்ஸ் 1989, ஒரிக்ஸ் ப்ளூவேவ் 1991, ஒரிக்ஸ் பஃபலோஸ் 2005. லீக் பட்டம் ஹான்க்யூ 10, ப்ளூவேவ் 2, பஃபலோஸ் 3, ஆக 15. கின்டெட்சுவின் நான்கு பட்டங்கள் (1979, 80, 89, 2001) தனிக் கணக்காக மூடப்பட்டவை, இந்த 15இல் சேராது.

முன்பு சொன்ன மூன்று சோதனையையும் போட்டுப் பாருங்கள். ஆட்டக்காரர் ஒப்பந்தங்கள் பிளந்தன. ஒரிக்ஸ், கின்டெட்சு இரண்டின் ஆட்களையும் ஒரே குவியலாக்கி, ஒரிக்ஸ் முதலில் 25 பேரைத் தனக்கென ஒதுக்கிக்கொண்டது. மீதியிலிருந்து புதிய அணியான ராகுடென் எடுத்தது. ஒரிக்ஸ் ஒதுக்கிய பட்டியலில் இருந்த கின்டெட்சு பிட்சர் இவாகுமா ஹிசாஷி வர முடியாது என்று உறுதியாக நின்று ராகுடெனுக்கே போனார். லீக்கில் கின்டெட்சு இருந்த இடம் மறைந்தது. ராகுடென் அமர்ந்தது புதிதாகத் திறந்த இடம். ஆகவே ராகுடெனையும் கின்டெட்சுவின் வாரிசாகப் போடக்கூடாது.

இனி 1972. கறுப்பு மூடுபனி பெரிய அடி, சந்தேகமில்லை. 1969 இறுதியில் பிட்சர் நாகாயாசு மசாயுகிக்கு நிரந்தரத் தடை. 1970 மே 25இல் இகேநாகா மசாஆகி உட்பட மூவருக்கு. இகேநாகாவுக்கு அப்போது 23 வயது, அதற்குள் 103 வெற்றி. பழைய சகா ஒருவர் கொண்டுவந்து வைத்த பத்து லட்சம் யென்னைத் திருப்பிக் கொடுக்காமல் வைத்திருந்தார், வேண்டுமென்று தோற்றதில்லை என்று கடைசிவரை சொன்னார். தடை நீங்க 2005 வரை ஆயிற்று. அவருக்கு 58 வயது. இந்த விவகாரத்தில் என்னால் ஆறப்போட முடியாதது இதுதான். பிட்சர் வரிசையே காலியானதால் 1970, 71, 72 மூன்று வருஷமும் கடைசி இடம்.

ஆனால் அதற்கு முன்பே அடித்தளம் அரித்துக்கொண்டிருந்தது. ஃபுகுவோகாவின் ஹெய்வாதாய் மைதானத்தை நிரப்பிய கூட்டத்தில் சிகுஹோ நிலக்கரி வட்டாரத்துத் தொழிலாளர்கள் நிறைய. 1960களில் சுரங்கம் ஒவ்வொன்றாக மூடப்பட, ஊரே வெளியேறியது. 1958 ஜப்பான் சீரிஸில் முதல் மூன்று ஆட்டமும் தோற்று, அடுத்த நான்கையும் வென்று யொமியுரியைச் சாய்த்த அணி இது. அந்த நான்கையும் வென்ற பிட்சர் இனாவோ கசுஹிசா, ஐந்தாம் ஆட்டத்தை ஹோம் ரன் அடித்தும் முடித்தார். 'கடவுளே, புத்தரே, இனாவோவே' என்று ஊர் கும்பிட்டது. பதினான்கு வருஷத்தில் அதே அணியை வாங்க ஆள் தேட வேண்டியதாயிற்று.

பதிவு 8 | வரவு செலவு

கைமாற்றம் ஏன் எப்போதும் இலையுதிர்காலத்தில் நடக்கிறது என்று கேட்பார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். லீக் ஒப்பந்தத்தின்படி, அடுத்த சீசனுக்கான கைமாற்றத்துக்கு முந்தைய நவம்பர் 30க்குள் செயற்குழு, ஓனர்கள் கூட்டம் இரண்டின் ஒப்புதலும் வேண்டும். ஒப்புதல் இல்லாமல் பங்கு மட்டும் வாங்கினால் லீக்கில் இடம் வராது. முன்பு புது அணிக்கு 600 கோடி யென், கைமாற்றத்துக்கு 300 கோடி யென் என்று திரும்பிவராத கட்டணம் இருந்தது. 2004 குழப்பத்தில், செப்டம்பர் 18, 19 ஆட்டக்காரர் வேலைநிறுத்தத்துக்குப் பின், அதை எடுத்தார்கள். இப்போது மொத்தம் 300 கோடி. அதில் 250 கோடி பத்து வருஷம் அணியை நடத்தினால் திரும்பக் கிடைக்கும் வைப்புத்தொகை, மீதியில் 40 கோடி பேஸ்பால் வளர்ச்சி நிதி, 10 கோடி நடைமுறைக் கட்டணம். ராகுடென் நுழைந்தது இந்தக் கதவு வழியாக.

இன்னொரு தடை: ஒருவரே இரண்டு அணிகளில் பங்கு வைத்திருக்கக்கூடாது. 1978இல் லயன்ஸை வாங்கிய கொகுதோவிடம் தாய்யோ வேல்ஸ் அணியின் 45 சதவீதப் பங்கு இருந்தது. அதை நிப்பான் பிராட்காஸ்டிங், டிபிஎஸ் என்ற இரண்டு ஒலிபரப்பு நிறுவனங்களுக்குக் கொடுத்துவிட்டுத்தான் இந்தப் பக்கம் வர முடிந்தது.

பதிவு 9 | புல்பென்

எகாவா விஷயத்துல ஒத்துக்கறேன். செய்பு முதல் வருஷம் தொடக்கத்துல ரெண்டு டிரா, பன்னிரண்டு தோல்வி, அப்புறம்தான் முதல் வெற்றி. ஹான்ஷின்லேர்ந்து தபுச்சி, லோட்டேலேர்ந்து வயசான நோமுரான்னு ஆள் சேர்த்தும் அந்தக் கதி. பழைய கிரவுன் பலவீனம் அப்படியே கூட வந்துச்சு.

பட்டியல்ல 1973ஐப் பத்தி ஒரு குறிப்பு போடுங்க. அந்த வருஷம் பசிபிக் லீக்ல ஆறுல ரெண்டு அணி புதுப் பேரோட வந்துச்சு. தைஹேயோ ஒண்ணு, தோயெய் ஃபிளையர்ஸை வாங்கின நிட்டாகு ஹோம் இன்னொண்ணு. நிட்டாகு ஏழு விதமான சட்டை மாத்தி மாத்திப் போட்டு ஆடினாங்க. ஒரே சீசன், வருஷக் கடைசியில நிப்பான் ஹாமுக்குப் போச்சு, பேர் ஃபைட்டர்ஸ் ஆச்சு. நிட்டாகு விளம்பரதாரர் இல்ல, நிஜ முதலாளி. ஒரு வருஷம்தானேன்னு தைஹேயோ மாதிரி போட்டுடாதீங்க.

பதிவு 10 | ஒன்பதாவது இன்னிங்ஸ்

போட்டுவிட்டேன். கடைசியாக ஒன்று: 2005, 2006இல் 'இன்வாய்ஸ்', 2007இல் 'குட்வில்' என்ற பெயர்கள் லயன்ஸ் பக்கங்களில் வருகின்றன. இவையும் அணிப் பெயர்தானா? 2008இல் சைதாமா சேர்ந்தபோது பங்கு கைமாறியதா?

பதிவு 11 | பழைய ஸ்கோர்கார்டு

முதல் அணிக்கு அந்தப் பெயர்கள் வரவே இல்லை. அவை மைதானத்துக்கும் இரண்டாம் அணிக்கும் விற்ற பெயர்கள். மைதானம் இன்வாய்ஸ் செய்பு டோம், பிறகு குட்வில் டோம். இரண்டாம் அணி அந்த மூன்று வருஷமும் வெறும் 'இன்வாய்ஸ்', 'குட்வில்' என்றே ஸ்கோர்போர்டில் நின்றது. இளம் ஆட்டக்காரர்களின் இரண்டாம் அணிப் பதிவுகளைப் படிக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், தனி அணி என்று எண்ணி விட்டுவிடுவார்கள். 2008 முதல் இரண்டாம் அணியும் லயன்ஸ்தான்.

2008இல் பங்கு கைமாறவில்லை. த்சுத்சுமி 2004இல் ஓனர் பதவியை விட்டார், 2005 மார்ச்சில் பங்குச்சந்தை அறிக்கை வழக்கில் கைதானார். 2006இல் குழுமம் செய்பு ஹோல்டிங்ஸ் என்று மறுகட்டமைக்கப்பட்டது. அணி குழுமத்துக்குள்ளேயே இருந்தது. 'சைதாமா' சேர்த்தது ஊரோடு ஒட்டுவதற்கான முடிவு. ஹொக்காய்தோ, சிபா, ஃபுகுவோகா என்று மற்ற பசிபிக் அணிகள் ஏற்கெனவே அப்படிச் செய்திருந்தன. அதே 2008இல் நிஷிடெட்சு காலச் சட்டையை மீண்டும் போட்டு ஆடினார்கள்.

உங்கள் பட்டியலில் 'ஓய்வளித்த எண்கள்' (இனி யாருக்கும் கொடுக்காத சட்டை எண்கள்) பத்தி இருந்தால் இனாவோவின் 24ஐ 2012 என்று போடுங்கள். 1972 விற்பனையோடு அந்த எண் வேறு ஆட்டக்காரர்களுக்குக் கொடுக்கப்படத் தொடங்கியிருந்தது. இனாவோ 2007 நவம்பரில் காலமானார். ஐந்து வருஷம் கழித்து, ஜூலையில் ஒரு ஆட்டத்தில் செய்பு ஆட்கள் எல்லோரும் முதுகில் 24 போட்டுக்கொண்டு இறங்கினார்கள்.